பயிர்க்கடனுக்கு ஒரு நியாயம், படிப்புக் கடனுக்கு ஒரு நியாயமா?

"இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சிக்கனம் தெரியலை" என்று சொல்லாத பெரிய மனுஷனை நான் இன்னும் பார்க்கலை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழான்னு பட்டணத்துலேருந்து ஊருக்கு வர்றவங்க பந்தியில உட்கார்ந்ததும் இதைத்தான் பேசுறாங்க. கையில விலை கூடின போன், ஆன்லைன்ல பிரியாணி, வருஷத்துக்கு ரெண்டு டூர். அப்பறம் எங்கேருந்து கடன் கட்டுவான், எங்கேருந்து வீடு வாங்குவான்? நாங்கல்லாம் அந்தக் காலத்துல எப்படி இருந்தோம் தெரியுமா? பாயசம் வர்ற வரைக்கும் இதே பேச்சுதான்.

இதைச் சொல்றவங்கள்ல பாதிப்பேர் என் வயசுக்காரங்க. என்கூட ஒரே பெஞ்சுல பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சவங்க. நான் ஊர்லயே நின்னு ஏரைப் பிடிச்சேன், அவங்க மேல படிச்சுப் பட்டணம் போனாங்க. அவங்க எப்படிப் படிச்சாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதனால இந்தப் பேச்சுக்கு ஒரு தடவை கணக்கோட பதில் எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். கோபம் வந்தா பொறுத்துக்குங்க, ஆனா கணக்கைப் படிச்சிட்டுக் கோபப்படுங்க.

முதல்ல அந்தக் காலத்தைப் பார்ப்போம். நாங்க பள்ளிக்கூடம் முடிச்சது எண்பதுகளோட கடைசியில. மேல படிக்கப் போனவங்க அரசு கலைக் கல்லூரிக்குப் போனாங்க, அரசு பாலிடெக்னிக்குப் போனாங்க, ரொம்ப நல்லாப் படிச்ச ஒண்ணு ரெண்டு பேர் அரசு இன்ஜினியரிங் காலேஜுக்குப் போனாங்க. கட்டணம் சில நூறு ரூபாய்தான். சில மூட்டை நெல்லைப் போட்டா கட்டணம் முடிஞ்சது, ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு ஒரு கன்னுக்குட்டியோ மாடோ விக்கணும், அவ்வளவுதான். பாங்க் படியை மிதிச்சு கடன் வாங்கிப் படிச்சவன் எங்க ஊர்ல ஒருத்தன்கூடக் கிடையாது. படிப்பு முடிச்சு வேலைக்குப் போன முதல் மாசச் சம்பளம் முழுசா அவன் கைக்கு வந்துச்சு. அதுல சிக்கனமா இருந்தாங்க, மனை வாங்கினாங்க, வீடு கட்டினாங்க. நான் இல்லைங்கல. ஆனா சிக்கனம் பண்றதுக்கு முதல்ல கையில காசு வந்து நிக்கணும். உங்களுக்கு நின்னுச்சு, ஏன்னா உங்க படிப்புச் செலவை அரசாங்கம் ஏத்துக்கிட்டது. ஊர் கட்டின வரிப்பணம் அது.

இந்த நிலைமை மாற ஆரம்பிச்சது 1984ல. எம்.ஜி.ஆர். ஆட்சியில சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ்களுக்குக் கதவு திறந்துவிட்டாங்க. அரசு காலேஜ்கள் ரொம்பக் கொஞ்சமாவே இருக்க, தனியார் காலேஜ்கள் ஒரு கட்டத்துல ஐந்நூறையும் தாண்டிப் போச்சு. நெல்லு வயல்ல நின்னு நாலாப் பக்கமும் பார்த்தா ரெண்டு மூணு காலேஜ் பஸ்ஸாவது கண்ணுல படும். இதனால நல்லது நடக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். 2007ல நுழைவுத்தேர்வை எடுத்தாங்க, 2010ல முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை கொடுத்தாங்க. இன்னிக்கு மத்திய அரசோட 2021-22 கணக்குப்படி நாட்டுல உயர்கல்விக்குப் போறவங்க விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டுல 47. எங்க ஊர்லயும் கூரை வீட்டுக்கு ஒரு டிகிரி இருக்கு. அதுல எனக்கும் பெருமைதான்.

ஆனா இந்தப் பெருமைக்கு யாரோ ஒருத்தர் விலை கொடுத்திருக்கணும் இல்லையா? உங்க காலத்துல அரசாங்கம் கொடுத்த அதே விலையை இப்போ பதினேழு வயசுப் பையன் தலையில கடனா எழுதிட்டோம். வங்கிகள் சங்கம் 2001ல கொண்டுவந்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தோட வேலை அதுதான். பெத்தவங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். கடன் வாங்குறவன் என்ன வாங்குறோம்னு தெரியாத வயசுல வாங்குறான், சேர்ந்து கையெழுத்துப் போடுறவருக்கு அந்தப் பத்திரத்தைப் படிக்கவே வராது.

என் தங்கச்சி மகன் கணக்கையே சொல்றேன். எனக்கு மருமகன் முறை, நான் தூக்கி வளர்த்த புள்ளை. அப்பா அரசு பஸ்ஸுல கண்டக்டர். 2018ல இன்ஜினியரிங் சேர்ந்தான். கட்டணக் கமிட்டி சொன்ன தொகை வேற, பஸ் கட்டணம், லேப், பயிற்சி, அது இதுன்னு காலேஜ் கேட்டது வேற. எல்லாம் சேர்த்து வருஷம் ஒரு லட்சம், நாலு வருஷத்துக்கு நாலு லட்சம் கடன். குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா, படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் ஒண்ணு இருக்கு, நல்ல திட்டம். ஆனா இவங்க அப்பா சம்பளம் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டிடுச்சு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தா ஏழை, அந்தப் பக்கம் ஒரு ரூபாய் போனா பணக்காரன்.

படிக்கிற காலத்துல தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி தூங்காது. முதல் வருஷம் வாங்கின லட்சத்துக்கு, படிப்பு முடிஞ்சு மேல ஒரு வருஷம் அவகாசமும் சேர்த்து, அஞ்சு வருஷ வட்டி. அடுத்த லட்சத்துக்கு நாலு, அதுக்கடுத்ததுக்கு மூணு, கடைசி லட்சத்துக்கு ரெண்டு. வட்டி பத்து சதவீதம்னு வச்சுக்கிட்டா 1 லட்சத்து 40 ஆயிரம். அதை அசலோட சேர்த்து 5 லட்சத்து 40 ஆயிரம்னு எழுதி, பத்து வருஷத் தவணை போட்டா மாசம் 7,136 ரூபாய். பத்து வருஷமும் ஒரு மாசம் தவறாம கட்டினா மொத்தம் 8 லட்சத்து 56 ஆயிரம். வாங்கினது நாலு லட்சம்.

படிப்பு முடிச்சு சென்னையில வேலையும் கிடைச்சது. நாலு மாசம் தேடித்தான் கிடைச்சது, ஆனாலும் அவன் கொடுத்து வச்சவன், கூடப் படிச்சவங்கள்ல பன்னிரண்டாயிரத்துக்கும் பதினஞ்சாயிரத்துக்கும் போனவங்க இருக்காங்க. இவனுக்கு வருஷம் 3 லட்சத்து 60 ஆயிரம். பிடித்தமெல்லாம் போக மாசம் கைக்கு 26 ஆயிரம். பாங்க்குக்கு 7,100. நாலு பேர் படுக்கிற ரூம்ல ஒரு கட்டில், ரெண்டு வேளை சாப்பாட்டோட 9,000. மத்தியானச் சாப்பாடு, டீக்கு 3,000. பஸ், ரயில், ஷேர் ஆட்டோவுக்கு 2,000. போனுக்கு 400. மாசத்துக்கு ஒரு தடவை ஆத்தாளைப் பார்க்க ஊருக்கு வந்துபோக 1,200. கூட்டிப் பாருங்க, 22,700. மிச்சம் 3,300. துணிமணி, காய்ச்சல் தலைவலி, நண்பன் கல்யாணம், தங்கச்சிக்கு ஏதாவது, எல்லாம் இதுக்குள்ள. நீங்க சொன்ன பிரியாணியும் இதுக்குள்ளதான்.

இப்போ விவசாயி கணக்குக்கு வர்றேன். நெல்லு விலை ஏறலைன்னு நாங்க காலம்பூரா அழுதுக்கிட்டு இருக்கோம், உங்களுக்கும் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். மத்திய அரசு பொது ரக நெல்லுக்கு வச்ச குறைந்தபட்ச ஆதரவு விலை 2010-11ல குவிண்டாலுக்கு 1,000 ரூபாய். 2025-26ல 2,369. பதினஞ்சு வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல. உரம், கூலி, டீசல் ஏறின வேகத்துக்கு இது பத்தலைங்கிறதுதான் எங்க சண்டை.

அதே 2010ல பெரிய ஐ.டி. கம்பெனிகள் புதுசா வர்ற பையனுக்குக் கொடுத்தது வருஷத்துக்கு மூணேகால் லட்சம் பக்கம். இன்னிக்குக் கொடுக்கிறது மூணரை லட்சம் பக்கம். நெல்லுல அளந்து பாருங்க. 2010ல சேர்ந்த பையன் சம்பளத்துல 325 குவிண்டால் வாங்கியிருக்கலாம். என் மருமகன் சம்பளத்துல இன்னிக்கு வாங்கினா 152 குவிண்டால்தான். பாதிகூட வரலை. பொன்னுல அளந்தா இன்னும் மோசம். 2010ல பவுன் பதினாலு, பதினஞ்சாயிரம். ஒரு வருஷச் சம்பளத்துக்கு இருபத்திரண்டு பவுன். 2025 அக்டோபர்ல பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டினது, அந்த விலைக்கு நாலே பவுன். மாசம் மிஞ்சுற 3,300ஐ அப்படியே சேர்த்து வச்சாலும் ஒரு பவுனுக்கு ரெண்டேகால் வருஷம் ஆகும். விலை கிடைக்காதவன்னு பேர் எடுத்த விவசாயியோட நெல்லு விலைகூட ஏறியிருக்கு. உங்க பிள்ளைங்க உழைப்போட விலை நின்ன இடத்துலயே நிக்குது. இதுல சிக்கனம் எங்கே வந்தது?

"அப்படின்னா ஊருக்கே திரும்பி வந்து விவசாயம் பண்ணட்டுமே, மண்ணு நம்மளைக் கைவிடாது" என்று ஒரு கூட்டம் கிளம்பும். வாட்ஸ்அப்ல பச்சை வயல் படம் போட்டுச் சொல்றவங்க அவங்க. அதையும் கணக்காவே பார்த்துடுவோம். ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர். நல்ல மகசூல்னா ஏக்கருக்கு முப்பது மூட்டை, 18 குவிண்டால். ரெண்டு ஏக்கருக்கு 36 குவிண்டால். மாநில அரசு ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டால் 2,500ன்னு கொள்முதல் நிலையத்துல போட்டா 90 ஆயிரம். உழவு, நடவு, உரம், களை, அறுப்பு மெஷின் எல்லாம் ஏக்கருக்கு முப்பதாயிரம் ஆகுது. மிச்சம் 30 ஆயிரம். ஆத்துல தண்ணி வந்து, மழையில நெல்லு முளைக்காம, ரெண்டு போகமும் கைக்கு வந்தா வருஷத்துக்கு 60 ஆயிரம். அந்தப் பையனோட ஒரு வருஷத் தவணை 85 ஆயிரத்துச் சொச்சம். ரெண்டு ஏக்கர் நஞ்சை, ரெண்டு போகம் விளைஞ்சும், ஒரு இன்ஜினியரிங் படிப்போட கடனுக்குக் காணாது. மண்ணு கைவிடலை ஐயா, கணக்குதான் கைவிடுது.

அடுத்தது நியாயவான்கள் கேட்கிற கேள்வி. "வாங்கின கடனைக் கட்டணுமா வேண்டாமா?" கட்டணும். என் மருமகனும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கான். என் கேள்வி, எல்லாக் கடனுக்கும் ஒரே நியாயம் இருக்கான்னுதான்.

என்னையே எடுத்துக்குங்க. கூட்டுறவு சங்கத்துல நான் வாங்குற பயிர்க்கடனைத் தவணைக்குள்ள கட்டினா எனக்கு வட்டியே கிடையாது. 2006ல கூட்டுறவுக் கடன் 6,866 கோடி தள்ளுபடி. 2016ல சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி. 2021ல 16 லட்சத்துக்கும் மேல விவசாயிகளோட 12,110 கோடி, அதுல என் பேர்ல இருந்த 62 ஆயிரமும் போச்சு. நடுவுல 2008ல மத்திய அரசு தள்ளுபடி வேற. இதெல்லாம் வேணும்னுதான் நான் சொல்லுவேன். புயலும் வறட்சியும் நான் கூப்பிட்டு வந்ததில்லை. விதைச்சவன் கையில இல்லாத காரணத்தால விளைச்சல் போனா, கடனைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறதுதான் அரசாங்கத்துக்கு அழகு.

அதே நியாயம் படிப்புக்கு ஏன் இல்லை? வேலைச் சந்தை படுத்தா அது பையன் குத்தமா? நாலு வருஷம் கழிச்சு எந்தக் கம்பெனி ஆள் எடுக்கும்னு பதினேழு வயசுல அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? அவனும் விதைச்சவன்தான். அவன் வயல்லயும் மழை பெய்யாமப் போகலாம். ஆனா அவனுக்கு வறட்சின்னு அறிவிக்க ஒரு தாசில்தார் கிடையாது. தேர்தல் நேரத்துல கல்விக்கடன் தள்ளுபடின்னு ஒரு பேச்சு எழும்பும், ஓட்டுப் போட்டு முடிஞ்சதும் அடங்கிடும்.

ஜாமீன் இல்லாத கல்விக்கடனுக்குப் போடுற வட்டியைவிட கார் கடனுக்குப் போடுற வட்டி பெரும்பாலும் குறைச்சல். கார் ஓட்டப் போறவனை நம்புறாங்க, படிக்கப் போறவனை நம்ப மாட்டாங்க. 2014-15லேருந்து பத்து வருஷத்துல வங்கிகள் கணக்குப் புத்தகத்துலேருந்து தள்ளி வச்ச வராக்கடன் 16.35 லட்சம் கோடின்னு அரசாங்கமே நாடாளுமன்றத்துல சொல்லியிருக்கு. தள்ளி வைக்கிறதுன்னா தள்ளுபடி இல்லை, வசூல் தொடரும்னு விளக்கமும் கொடுத்தாங்க. சரி, அந்தப் பொறுமையில பத்துல ஒரு பங்கை எங்க வீட்டுப் பையன்கிட்டயும் காட்டுங்க. இங்கே என்ன நடக்குது? மூணு தவணை தவறினா போன்மேல போன், வீட்டுக்கு ஆள். பொதுத்துறை வங்கியே கல்விக்கடன் பாக்கிகளைத் தனியார் வசூல் கம்பெனிக்கு வித்த கதையும் தமிழ்நாட்டுல நடந்திருக்கு. அஞ்சு ஏக்கர் வச்சிருக்கிற மிராசுதார்கூட ஊர்ல குத்தகைக்காரன் பாக்கியை இன்னொருத்தனுக்கு விக்க மாட்டார்.

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. அரசு வங்கி வேலைக்கு வர்ற விளம்பரத்தை எடுத்துப் பொடி எழுத்தைப் படிங்க. கடன் பாக்கி வச்ச பதிவு இருந்தா நியமனம் கிடையாதுன்னு போட்டிருக்கும். வேலை கிடைக்காததால கடனைக் கட்டலை, கடனைக் கட்டாததால வேலை கிடைக்காது. வாய்க்காலை அடைச்சிட்டு ஏன்டா பயிர் காயுதுன்னு கேட்கிற மாதிரி இருக்கு.

இதெல்லாம் பணத்தோட நிக்கிற விஷயம் இல்லை, அதான் எனக்கு வயித்தெரிச்சல். பையனுக்குப் பொண்ணு பார்க்கிறோம். பொண்ணு வீட்டுல முதல் கேள்வி, சென்னையில சொந்த வீடு இருக்கா? ரெண்டாவது கேள்வி, கடன் ஏதும் இருக்கா? தனி வீடு பிடிக்கலாம்னா அட்வான்ஸ் ஆறு மாசம், பத்து மாசம்னு கேட்கிறாங்க. மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2017ல சட்டம் போட்டாங்க, கூடவே ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா வாங்கலாம்னு ஒரு சந்தும் வச்சுட்டாங்க. வாடகைக்கு வீடு தேடுறவன் ஒத்துக்காம என்ன பண்ணுவான்? "மாமா, கடன் முடியறப்போ எனக்கு முப்பத்திமூணு ஆயிடும்" என்று அவன் சிரிச்சுக்கிட்டே சொல்றான். என் தங்கச்சி அடுப்படியில நின்னு கண்ணைத் துடைச்சுக்கிறா. அவளும் அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டவதான்.

அப்போ என்ன செய்யணுங்கிறே? கேளுங்க, பெரிசா ஒண்ணும் இல்லை.

ஆஸ்திரேலியாவுல 1989லேருந்து ஒரு முறை இருக்கு. படிச்சு முடிச்சவன் வருமானம் ஒரு அளவைத் தாண்டினாத்தான் கடனைப் பிடிப்பாங்க, அதுவும் வருமான வரியோட சேர்த்து. வேலை போச்சுன்னா பிடித்தமும் நின்னுடும். 2025ல நிலுவைக் கடன்ல 20 சதவீதத்தை அங்கே குறைச்சும் இருக்காங்க. அதே முறையை இங்கே கொண்டுவர என்ன கஷ்டம்? பான் எண் இருக்கு, ஆதார் இருக்கு, சம்பளத்துல பிடிக்க வழி இருக்கு. சம்பளத்துல இவ்வளவு பங்குன்னு வச்சா, இருபதாயிரம் வாங்குறவன் குறைச்சலாக் கட்டுவான், லட்சம் வாங்குறவன் சீக்கிரம் கட்டி முடிப்பான். படிக்கிற காலத்து வட்டியை நாலரை லட்சம் கோடு பார்க்காம எல்லாருக்கும் அரசாங்கமே ஏத்துக்கட்டும். கல்விக்கடன் பாக்கிக்காக யாருக்கும் வேலையை மறுக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, அரசு காலேஜ்ல சீட்டைக் கூட்டுங்க. அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு கொடுத்து, கட்டணத்தையும் மாநில அரசே கட்டுது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் ஆயிரம் போகுது. இதெல்லாம் கடன் இல்லாம படிக்க வைக்க முடியும்னு காட்டுது. அதை இன்னும் அகலமாக்கணும்.

அரசாங்கத்துக்குச் சொல்லியாச்சு, இனி உங்களுக்கு. பட்டணத்துல இருக்கிற நீங்க யாரோ ஒருத்தரா இருப்பீங்க. கம்பெனியில ஆள் எடுக்கிற இடத்துல இருந்தீங்கன்னா, 2010 சம்பளத்தை இன்னும் எத்தனை வருஷம் நீட்டப் போறீங்கன்னு மேலே இருக்கிறவங்களைக் கேளுங்க. வீட்டுக்காரரா இருந்தீங்கன்னா, அட்வான்ஸை மூணு மாசத்தோட நிறுத்துங்க, சந்து இருக்குன்னு நுழையாதீங்க. வங்கியில இருந்தீங்கன்னா, தவணை தவறினவன்கிட்ட முதல்ல வேலை இருக்கான்னு கேட்டுட்டு அப்பறம் பணத்தைக் கேளுங்க. இது எதுவுமே உங்க கையில இல்லைன்னா, அடுத்த தடவை ஊருக்கு வந்து பந்தியில உட்காரும்போது "நாங்கல்லாம் அந்தக் காலத்துல" என்று ஆரம்பிக்காம இருங்க. எதிர் இலையில என் மருமகன் உட்கார்ந்திருப்பான். மாசம் பிறந்தா அஞ்சாந்தேதி அவன் கணக்குலேருந்து 7,136 ரூபாய் போகுது, அதுக்கு மேல அவனுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.